தம்பியின் போனுக்கு ஒரு ஆப்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கிளினிக்கில் பதினோரு பேருக்குக் காது பரிசோதனை செய்தேன். கடைசியாக வந்த பெரியவர், நான் சத்தமே கொடுக்காதபோதும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டால், "எப்படியும் வரத்தானே போகுதும்மா" என்கிறார். அவருக்கு எப்படி ரிப்போர்ட் எழுத?

வீட்டுக்கு வந்தால் தம்பி உட்கார்ந்திருக்கிறான். கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். பதினான்காம் தேதி ஏற வேண்டும், ஏழு மாசம். இன்ஜின் ரூம் வேலைதான், பழையபடி. ஆறு வருஷமாகக் கரையில் ரிப்பேர் பட்டறையில் இருந்தான். இனிமேல் இங்கேதான் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தரியின் லிஃப்ட் நாடகம் மே ஒன்பதாம் தேதி. (நாடகம் இயக்குகிறவள். அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. எது கொடுத்தாலும் பாதியை வெட்டிவிடுவாள் என்பதால் எங்களுக்குக் கத்தரி.) பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் ஐந்து பேர். பன்னிரண்டு நிமிஷ இசை நாங்கள் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அவன் பேஸ் கிட்டார், நான் கீபோர்டு. மீதி எல்லாம் பின் அறைக் கம்ப்யூட்டரில். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். முன்பு கப்பலில் இருந்தபோதும் லீவில் வந்து வாசிப்பான்.

அவன் இல்லாமல் எப்படி என்றேன். "போன்லயே பண்ண முடியாதாக்கா?" என்றான். முடியும் போலிருக்கிறது. ஆப் தேட வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

நான்கு ஆப் இறக்கிப் பார்த்தாகிவிட்டது. ஒன்று மகாராஜா. முந்நூறு வாத்தியம், கேட்கவே சொக்கிப்போகும். ஆனால் நெட் இல்லையென்றால் கதவே திறக்காது. நடுக்கடலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொன்று என் கம்ப்யூட்டர் மென்பொருளைச் செய்தவர்களே செய்தது. அங்கே பாதியில் விட்டதை இங்கே அப்படியே திறந்து தொடரலாம். ஆகா என்று குதித்தேன். தம்பியின் போனில் அது ஏறாதாம், வேறு ஜாதி போன் வேண்டுமாம்.

மிச்சம் இரண்டு. மஞ்சள் ஒன்று, சாம்பல் ஒன்று.

மஞ்சளைத் தம்பி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறான். பெரிய பெரிய கட்டங்கள், ஸ்பானர் பிடிக்கிற விரலுக்கு ஏற்ற மாதிரி. தட்டத் தட்டச் சத்தம் உடனே வருகிறது. மொத்தம் எட்டு டிராக்தான், அதாவது எட்டு ஒலி வரிசைக்குத்தான் இடம். ஒலியை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஆனால் வெளியே தருவது எல்லாம் சேர்ந்து கலந்த ஒரே ஒலி. ஒரு சுரத்தை நகர்த்தக்கூட எனக்கு வழியில்லை. அது ஆகாது.

மார்ச் 8, ஞாயிறு

சாம்பல்தான். முடிவு செய்துவிட்டேன்.

பார்க்க அரசாங்கப் படிவம் மாதிரி இருக்கிறது, கட்டைகள் எறும்பு சைஸ். ஆனால் நெட் இல்லாமல் ஓடும். முக்கியமாக, வாசித்ததைக் குறிப்பு ஃபைலாகத் தரும். அதில் சத்தம் கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தி, அவ்வளவுதான். அதனால் ஃபைல் துளியூண்டு. கப்பல் நெட்டில் ஒரு பாட்டை அனுப்ப ஒரு நாள் ஆகுமாம். இது கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். இங்கே வந்ததும் என் கம்ப்யூட்டரில் எந்த வாத்தியத்தின் சத்தம் வேண்டுமோ போட்டுக்கொள்வேன். சுரத்தைத் திருத்துவேன், நகர்த்துவேன்.

ஒரே குறை. எந்த வாத்தியத்தை நினைத்து வாசித்தது என்பது இதில் வராது. வராவிட்டால் என்ன, அவன் பேஸ் வாசிப்பான் என்று எனக்குத் தெரியாதா?

நான்கு நாளாக நான் போனையே நோண்டுவதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சொன்னார், வீடு வாங்கும்போதுகூட நாம இவ்வளவு யோசிக்கலையே என்று. பஸ் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஸ்டியரிங்கை இருபது வருஷமா பிடிக்கிறேன், எனக்கு அதுவே போதும் என்றார்.

மார்ச் 12, வியாழன்

தப்பு செய்துவிட்டேன். ஆனால் அவன் பேசியதும் அதிகம்தான்.

நடந்தது இது. தம்பி குளிக்கப் போயிருந்தபோது அவன் போனில் சாம்பலை ஏற்றினேன். இடம் பத்தவில்லை என்றது. மஞ்சளை எடுத்துவிட்டேன். இனி அது எதற்கு என்றுதான். அதில் அவன் செய்து வைத்திருந்தது எல்லாம் அதோடு போய்விடும் என்று — உண்மையைச் சொன்னால், தெரியும். ஏதோ விளையாட்டாகத் தட்டி வைத்திருப்பான் என்று நினைத்தேன். இரண்டு மாச வேலையாம். பதினாலு துண்டுகள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். பெட்டியில் சட்டையை மடித்துக்கொண்டே பேசினான்.

"என் போன்ல என்ன இருக்கணும்னு நீ எதுக்குக்கா முடிவு பண்ற?"

உனக்காகத்தான் என்றேன்.

"எனக்காக இல்ல. உன் கம்ப்யூட்டருக்காக. பத்தொன்பது வருஷமா நான் உப்புக்குச் சப்பாணிதான். வாசிச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் வந்து கேட்டா நான் வாசிச்சதுல பாதி இருக்காது."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மன்னிச்சுக்கடா என்று ஒரு வார்த்தை. நான் சொன்னது, "மிச்சம் இருந்த பாதி நல்லா இருந்துச்சா இல்லையா?"

அவன் அடுத்த சட்டையை எடுத்தான்.

மார்ச் 14, சனி

கிளம்பிவிட்டான். வாசலில் "வரேன்க்கா" என்றான்.

மார்ச் 20, வெள்ளி

மற்ற ஒன்பது நிமிஷத்துக்கு என் கீபோர்டே போதும். லிஃப்ட் நிற்கும் காட்சிக்கு நான் நினைத்ததை எழுதி அனுப்பியிருந்தேன். ஐந்து பேரும் முதல் முறையாகப் பேசாமல் நிற்கிற இடம், மூன்று நிமிஷம், அதற்கு ஒரு பேஸ் வாசித்து அனுப்பு என்று. பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல்.

கப்பலில் நெட் இல்லையோ? இருக்கிறது. தம்பி மனைவிக்கு நேற்று மெசேஜ் வந்திருக்கிறது, சாப்பாடு பரவாயில்லை என்று. எனக்குத்தான் இல்லை.

மார்ச் 27, வெள்ளி

நானே பேஸ் வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல். சரியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கத்தரி போன் செய்தாள். மூன்று நிமிஷக் காட்சிக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவன் இனிமேல் என்னோடு வாசிக்க மாட்டானோ? இந்த நாடகத்துக்கு மட்டும் இல்லை. இனிமேலே மாட்டானோ?

ஏப்ரல் 2, வியாழன்

வந்துவிட்டது.

மூன்று கிலோபைட். கூடவே ஒரே வரி. "இது மேல நீ போட்டுக்கோ."

கிளினிக்கிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரில் திறந்தேன். வாத்தியம் எதுவும் சொல்லாத ஃபைல் என்பதால் வழக்கம்போலப் பியானோவில் திறந்தது. முதலில் பேஸுக்கு மாற்றலாம் என்றுதான் இருந்தேன். கேட்டதும் மாற்ற மனசு வரவில்லை.

எல்லாம் கீழ்க் கட்டை. ச என்று ஒரு அடி. தள்ளி ஒரு ரி. அதன் மேலே பிரதி மத்யமம், விடாமல், அதே ம, அதே ம. எங்கேயும் போகாது. எப்போதாவது அபூர்வமாக மேலே ஒரு நி எட்டிப் பார்த்துவிட்டு உடனே அடங்கிவிடும். ஏழு ஏழாக எண்ணினால் சரியாக விழுகிறது. மூன்று நிமிஷமும் இப்படியே. எந்த ராகத்திலும் சேராது, எந்தப் பாட்டிலும் சேராது. அவன் இந்த மாதிரி வாசித்து நான் கேட்டதே இல்லை.

அழுதுவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். இரும்புக்குள்ளே அந்தச் சத்தத்திலும் சூட்டிலும் அவன் எப்படி இருக்கிறான் என்று இதைக் கேட்டால் தெரிகிறது. ஒரே சுரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற லிஃப்ட். கத்தரியின் நாடகம் முழுக்க இந்த நான்கு சுரத்தில் இருக்கிறது.

இவனுக்குள்ளே இப்படி ஒன்று இருந்ததா? பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனே, எனக்குத் தெரியாமல்?

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்றுக் காலையிலிருந்து இதே வேலை. அவன் பியானோவை நடுவில் வைத்து, சுற்றிலும் என்னுடையவை. ஒரு மெல்லிய வயலின் கூட்டம், லிஃப்ட் கம்பி முறுக்குவது போல ஒரு ஒலி, கடைசியில் தனியாக ஒரு புல்லாங்குழல். மொத்தம் இருபத்தாறு டிராக்.

இரண்டாம் நிமிஷத்தில் ஒரு ரி கொஞ்சம் முந்தி விழுகிறது. கை துறுதுறு என்றது. மவுஸை எடுத்து அந்தச் சுரத்தின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பிறகு விட்டுவிட்டேன். அவன் முந்தி வாசித்தான் என்றால் முந்தித்தான்.

ஒரு சுரம்கூடத் தொடவில்லை. இது என் வாழ்க்கையில் முதல் முறை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கத்தரிக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். எதையும் வெட்டச் சொல்லவில்லை. அந்தப் பியானோ யார் என்று மட்டும் கேட்டாள். தம்பி என்றேன். அவன் பேஸ்தானே வாசிப்பான் என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரியும் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

சுருக்கிய ஒலியாக்கித் தம்பிக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன். "நீ போட்டதுலயே இதுதான் நல்ல மெட்டு. ஒரு சுரம்கூட மாத்தல. மஞ்சளை அழிச்சது தப்புதான். மன்னிச்சுக்கோ." அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பதில் இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

என் மூக்கு உடைந்த நாள். தேதியை அடிக்கோடிட்டு வைக்கிறேன்.

"அக்கா, அது மெட்டு இல்ல. டிரம்."

டிரம்! சாம்பலில் டிரம் கட்டமும் இருக்கிறது. அதில் தட்டியிருக்கிறான். ஃபைலில் சுரமானாலும் அடியானாலும் வெறும் எண்தான். காலால் மிதிக்கிற பெரிய டிரம்முக்குக் கொடுத்த எண்தான் என் கம்ப்யூட்டரில் ச. பக்க டிரம்தான் ரி. மூடிய தாளத் தட்டுதான் அந்தப் பிரதி மத்யமம், விடாமல், அதே ம, அதே ம. திறந்த தட்டுதான் எட்டிப் பார்த்த நி. வாத்தியம் சொல்லாத ஃபைல், பியானோவில் திறந்தது, நான் அழுதேன்.

எத்தனை வருஷமாக இந்த வேலை செய்கிறவள்! திரையில் அந்த நான்கு வரியைப் பார்த்ததுமே புரிந்திருக்க வேண்டாமா? கற்றுக்குட்டிகூடச் சொல்லியிருக்கும். டிரம் எப்போதும் நான் கம்ப்யூட்டரில் போடுவதுதான், அவன் தட்டுவான் என்று என் மண்டைக்கு எட்டவே இல்லை. நான் திரையைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாக்கியை ஏன் படிக்க மாட்டேங்கிற என்றார். தம்பியின் மெசேஜ் இன்னும் இருந்தது.

அதை அப்படியே இங்கே எழுதிக்கொள்கிறேன்.

"கோவத்துலதான் அனுப்பினேன். மெட்டு எப்படியும் நீதான் போடுவ, பேஸும் நீயே மாத்திடுவ, அதனால வெறும் அடிய மட்டும் தட்டி அனுப்பினேன். நீ அதையும் தூக்கிட்டு உன் டிரம்ம போடுவன்னு நெனச்சேன். நீ அனுப்பினத இன்ஜின் ரூம்ல வச்சு முப்பது தடவ கேட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அத மாத்தாம வச்சது மெட்டுன்னு நெனச்சதாலயா, என்னோடதுன்னு நெனச்சதாலயா?"

ஏப்ரல் 17, வெள்ளி

நாள் முழுக்க அந்தக் கேள்விதான். பரிசோதனைக்கு உட்கார்ந்தவரை இடது காதா வலது காதா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

உன்னோடது என்று நினைத்ததால்தான்டா என்று எழுத ஆசை. நன்றாகத்தான் இருக்கும் படிக்க. ஆனால் அது உண்மையா? டிரம் என்று தெரிந்திருந்தால் நான் அதை முதல் நாளே தூக்கிப் போட்டிருப்பேன். என்னுடையதைப் போட்டிருப்பேன். அவனிடம் சொல்லியிருக்கக்கூட மாட்டேன். இத்தனை வருஷமும் நான் செய்தது அதுதானே.

அதையே எழுதினேன். மெட்டு என்று நினைத்ததால்தான், டிரம் என்று தெரிந்திருந்தால் மாற்றியிருப்பேன், அதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது என்று. வேறு எதையும் சேர்க்காமல் அனுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்வானா? கொள்ளட்டும். பொய் சொல்லிச் சமாதானமாகி என்ன செய்ய.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதில். கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

புதன்கிழமை கப்பல் துறைமுகத்துக்கு வருகிறதாம், இரண்டு நாள் நிற்குமாம். கரையில் நல்ல நெட் கிடைக்கும். எல்லா டிராக்கையும் ஒலியாகத் தனித்தனியே அனுப்பச் சொல்கிறான். அவனே கலந்து தருவானாம். மஞ்சளை மறுபடி ஏற்றிக்கொள்ளப் போகிறானாம். மஞ்சளில் எட்டுக்கு மேல் ஏறாது, அதனால் எட்டாக்கி அனுப்பு என்கிறான்.

எட்டா! என் இருபத்தாறை!

போனில், இயர்போனில், கப்பலில் உட்கார்ந்து யாராவது நாடகத்துக்குக் கலப்பார்களா? என்னிடம் பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி வைத்திருக்கிறேன், எத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நான் நிற்பது எனக்கே தெரிகிறது. ஆனாலும் சொல்ல வேண்டாமா?

சொல்லவில்லை. சரிடா என்று எழுதினேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு இருபத்தாறை எட்டாக்கினேன். வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஒன்று. கம்பிச் சத்தங்கள் ஒன்று. எதை எதோடு சேர்ப்பது என்று பார்க்கும்போதுதான் தெரிந்தது, ஆறேழு டிராக் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். அவற்றை ஏன் போட்டேன் என்று நினைவுகூட இல்லை. கத்தரி வெட்டுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவளிடம் சொல்லப் போவதில்லை.

புல்லாங்குழலைத் தனியாகவே வைத்தேன். எட்டாவது டிராக்.

ஏப்ரல் 24, வெள்ளி

கலந்தது வந்துவிட்டது. ஐந்து தடவை கேட்டேன்.

பியானோ இருக்கிறது, ஆனால் பின்னால். ஒவ்வொரு பியானோ சுரத்துக்கும் அடியிலேயே அந்த டிரம்மையும் வைத்திருக்கிறான், இம்மி பிசகாமல். சுரமா அடியா என்று பிரிக்க முடியவில்லை. என் வயலின்களை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டான். இரண்டாம் நிமிஷத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறும் தட்டு மட்டும். எனக்குத் தோன்றியிருக்காது.

அடியில் அதிரும் பேஸ் ஒலி கொஞ்சம் கூடுதல். இயர்போனில் கலந்தால் அப்படித்தான் ஆகும்.

புல்லாங்குழலைக் காணோம். முதல் தடவை என் காதில்தான் கோளாறு என்று நினைத்தேன். எடுத்தே விட்டிருக்கிறான். ஏன்டா? நல்லாத்தானே இருந்துச்சு? ரெண்டு நாள் உக்காந்து வாசிச்சேனே, என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே —

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் துணி மடித்தேன்.

ஏப்ரல் 25, சனி

என் கம்ப்யூட்டரில் அந்தப் புல்லாங்குழல் இருக்கிறது. அவன் கலந்ததன் மேல் அதை வைக்க ஒரு நிமிஷம் ஆகாது. பேஸைக் குறைக்க அரை நிமிஷம். அவனுக்குத் தெரியப் போவதுமில்லை. அக்டோபர் வரைக்கும் நாடகத்தைப் பார்க்க அவனுக்கு வழியில்லை.

வைக்கவில்லை. வந்த ஃபைலை வந்தபடியே கத்தரிக்கு அனுப்பினேன்.

"அப்படியே குடுத்துட்டேன்" என்று தம்பிக்கு எழுதினேன். கப்பல் கிளம்பிவிட்டது. அவன் நம்புவானா தெரியாது.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஒத்திகைக்குப் போனேன். நடிகர்கள் ஐந்து பேரும் சாக்பீஸ் கோட்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இசை ஆரம்பித்ததும் யாருமே சொல்லிக்கொடுக்காமல் அந்த ஏழு எண்ணிக்கையில் மூச்சு விட ஆரம்பித்தார்கள். பேஸ் அந்த ஹாலில் கூடுதலாக இல்லை. சரியாகத்தான் இருந்தது.

முடிந்ததும் கத்தரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசி இருபது வினாடியில் ஏதோ குறைகிறது என்றாள். கதவு திறக்கிற இடத்தில்.

"புல்லாங்குழல் மாதிரி ஏதாவது ஒண்ணு வந்தா நல்லா இருக்கும். உங்கிட்ட இருக்கா?"

இருக்கிறது. பையில் லேப்டாப் இருக்கிறது, அதற்குள் இருக்கிறது. அவள் கேட்ட அதே இருபது வினாடி, நான் இரண்டு நாள் உட்கார்ந்து வாசித்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தம்பியக் கேட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

நீதானே எல்லாம் முடிவு செய்வாய் என்று ஆச்சரியமாகக் கேட்டாள். நாடகத்துக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது என்றும் நினைவுபடுத்தினாள். தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு எழுதினேன். கத்தரி இப்படிக் கேட்கிறாள், நீ எடுத்தது ஏன் என்று எனக்குத் தெரியாது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன் என்று. கப்பல் நடுக்கடலில் இருக்கிறது. பதில் வர மூன்று நாள் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம்.

மே 2, சனி

இன்னும் வரவில்லை. கத்தரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். இரண்டு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னேன்.